கடுக்காய்த் துணியில் கறுப்பு அச்சு!

கல்யாண வீட்டில் கொடுத்த தாம்பூலப் பை ஏதாவது உங்கள் வீட்டில் இருக்கிறதா? மணமக்கள் பெயர் அச்சடித்த மஞ்சப்பை. இருந்தால் எடுத்து, உள்பக்கம் வெளியே வரும்படி திருப்புங்கள்.

என்ன தெரிகிறது? மஞ்சள் நிறம் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இருக்கும். ஆனால் எழுத்துகள் வெளிப்பக்கம் மட்டும் பளிச்சென்று இருக்கும். உள்பக்கம் மங்கலாகத் தெரியும், அல்லது தெரியவே தெரியாது.

காரணம் இதுதான். அந்தப் பையில் இரண்டு வேலைகள் நடந்திருக்கின்றன. துணி முழுவதையும் சாயத் தண்ணீரில் முக்கி நிறம் ஏற்றியது முதல் வேலை. அதன் பிறகு, வேண்டிய இடத்தில் மட்டும் மேலே நிறத்தை வைத்தது இரண்டாவது வேலை. முதலாவது சாயம் போடுதல். இரண்டாவது அச்சிடுதல்.

இந்த இரண்டையும் நாமே வீட்டில் செய்து பார்த்தால் என்ன? பெயின்ட் டப்பா எதுவும் வாங்க வேண்டாம். நாட்டு மருந்துக் கடையில் கிடைக்கும் கடுக்காய்ப் பொடி, கொஞ்சம் வெல்லம், பழைய இரும்பு ஆணிகள், மைதா மாவு, இவை போதும். ஒரே ஒரு நிபந்தனை. நாம் போடும் அச்சு, துவைத்தாலும் போகக் கூடாது!

சல்லடைதான் ரகசியம்

பையில் எழுத்தை அச்சிட்ட முறைக்கு ஸ்கிரீன் பிரிண்டிங் என்று பெயர். ஸ்கிரீன் என்றால் திரை. ஆனால் இதை மாவு சலிக்கும் சல்லடை என்று நினைத்துக்கொண்டால் சுலபமாகப் புரியும்.

தரையில் ஒரு இலையை வைத்து, அதற்கு மேலே சல்லடையைப் பிடித்து மாவு சலித்தால் என்ன ஆகும்? தரையெல்லாம் மாவு விழும். இலை இருந்த இடத்தில் மட்டும் விழாது. இலையை எடுத்துவிட்டால், அதன் உருவம் தரையில் அப்படியே தெரியும். ஸ்கிரீன் பிரிண்டிங்கும் இதே கதைதான். மாவுக்குப் பதில் கெட்டியான மை. சல்லடைக்குப் பதில் மரச்சட்டத்தில் இழுத்துக் கட்டிய மெல்லிய வலைத்துணி. மை இறங்கக் கூடாத இடங்களில் வலையின் கண்களை அடைத்துவிடுவார்கள். ரப்பர் பட்டை வைத்த கட்டையால் மையை ஒரே இழுப்பாக இழுத்தால், திறந்திருக்கும் கண்கள் வழியாக மட்டும் மை துணியில் இறங்கும். நான்கு நிறம் வேண்டுமென்றால் நான்கு திரை வேண்டும்!

இதன் வேர் ஜப்பானில் இருக்கிறது. அங்கே கெட்டிக் காகிதத்தில் பூவும் கொடியுமாக வெட்டி, அதைத் துணிமேல் வைத்து அச்சிட்டார்கள். மெல்லிய வெட்டுகள் பிய்ந்துபோகாமல் இருக்கப் பட்டு நூல்களைக் குறுக்கே ஒட்டினார்கள். நூலே வலையானால் இன்னும் வசதி அல்லவா? இங்கிலாந்தின் மான்செஸ்டரைச் சேர்ந்த சாமுவேல் சைமன், பட்டுத்துணியைத் திரையாக வைத்து அச்சிடும் முறைக்கு 1907-ல் காப்புரிமை பெற்றார். இப்போது பட்டு இல்லை. பெரும்பாலும் பாலியஸ்டர் வலைதான்.

ஒரே திரையில் எத்தனை முறை அச்சிட்டாலும் எல்லாம் ஒன்றுபோல இருக்குமா? இருக்க வேண்டும் என்றுதான் தொழிற்சாலைகள் பாடுபடுகின்றன. ஆனால் அமெரிக்க ஓவியர் ஆண்டி வார்ஹோல் வேறு மாதிரி யோசித்தார். 1962-ல் நடிகை மர்லின் மன்றோவின் ஒரே முகத்தைத் திரை வழியாக 50 முறை அச்சிட்டு ஒரு ஓவியம் செய்தார். ஒரு பாதியில் 25 முகங்கள் வண்ணத்தில். மறு பாதியில் 25 முகங்கள் கறுப்பு வெள்ளையில். அதில் சில முகங்கள் மை அப்பிக் கிடக்கும். சில முகங்கள் மங்கி மறைந்துகொண்டே போகும். மை கூடினாலும் குறைந்தாலும் அது பிழை என்று அவர் தூக்கிப் போடவில்லை. அதையே ஓவியமாக்கினார்.

நாமும் இன்று அப்படித்தான் செய்யப் போகிறோம். ஒவ்வொரு அச்சும் வேறு மாதிரி வரட்டும். ஏன் வேறு மாதிரி வந்தது என்று கண்டுபிடிப்பதுதான் நம் விளையாட்டு.

பூசுவது இரும்பு, தெரிவது கறுப்பு

ஆந்திராவின் ஸ்ரீகாளஹஸ்தியில் துணியில் கலம்காரி ஓவியம் வரைகிறார்கள். நம் தஞ்சாவூர் மாவட்டத்துச் சிக்கல்நாயக்கன்பேட்டையிலும் இந்தக் கலை இருக்கிறது. கோயிலில் தொங்கவிடும் தொம்பைகளில் இந்த ஓவியங்களைப் பார்க்கலாம். தமிழ்நாட்டுக் கலம்காரிக்கு, 'கருப்பூர் கலம்காரி' என்ற பெயரில் 2021-ல் புவிசார் குறியீடும் கிடைத்தது.

ஸ்ரீகாளஹஸ்திக் கலைஞர்கள் கறுப்புக் கோடு போடும் விதம் வேடிக்கையானது. அவர்கள் பேனாவில் தொட்டுக்கொள்வது கறுப்பு மையே அல்ல! இரும்புத் துண்டுகளையும் வெல்லத்தையும் தண்ணீரில் நாள்கணக்கில் ஊறவைத்து எடுத்த நீர் அது. அதற்குக் 'கசிம்' என்று பெயர். துணியையோ முன்கூட்டியே கடுக்காய் நீரிலும் எருமைப் பாலிலும் முக்கிக் காயவைத்திருப்பார்கள். கசிம் அந்தத் துணியைத் தொட்டதும் கறுப்பு பிறக்கும்.

எப்படி? கடுக்காயில் டானின் என்ற பொருள் நிறைய இருக்கிறது. கடுக்காயைக் கடித்தால் நாக்கு இழுத்துப் பிடிக்குமே, அந்தத் துவர்ப்புக்குக் காரணம் இதுதான். டானினும் இரும்பும் சேர்ந்தால் கருநிறப் பொருள் ஒன்று உண்டாகிறது. அது தண்ணீரில் கரையாது. நூலுக்கு உள்ளேயே உண்டாவதால் நூலோடு தங்கிவிடுகிறது. துவைத்தாலும் போகாததன் ரகசியம் இதுதான். ஐரோப்பாவில் பல நூற்றாண்டுகள் எழுதப் பயன்பட்ட மையும் இதே டானின், இரும்புக் கூட்டணிதான்!

இந்தக் கறுப்பை நாம் பேனாவால் வரையப் போவதில்லை. திரை வழியாக அச்சிடப் போகிறோம்.

முதலில் இரும்பு நீர்

இதைப் பதினைந்து நாள் முன்பே தொடங்கிவிட வேண்டும். ஒரு பழைய பிளாஸ்டிக் டப்பாவில் அரை லிட்டர் தண்ணீர் ஊற்றுங்கள். எலுமிச்சை அளவு வெல்லத்தைக் கரையுங்கள். ஒரு கைப்பிடி துருப்பிடித்த ஆணிகளைப் போடுங்கள். ஆணி போடும் வேலையை மட்டும் பெரியவர்களிடம் விட்டுவிடுங்கள். துரு ஆணி குத்தினால் ஆபத்து.

டப்பாவை மெல்லிய துணியால் மூடிக் கட்டுங்கள். இறுக்கமான மூடி போடவே கூடாது. வெல்லம் புளிக்கும்போது வாயு வரும். மூடியிருந்தால் வெடித்துத் தெறிக்கும். தினமும் ஒரு குச்சியால் கலக்குங்கள். நாற்றம் கொஞ்சம் அடிக்கும், கவலை வேண்டாம். பதினைந்து நாளில் வடிகட்டினால் பழுப்பு நிற நீர் கிடைக்கும். டப்பாவின்மேல் 'குடிக்கக் கூடாது' என்று பெரிதாக எழுதி, தம்பி தங்கைகளுக்கு எட்டாத இடத்தில் வையுங்கள்.

துணிக்குக் கடுக்காய்க் குளியல்

பருத்தித் துணிதான் வேண்டும். தாத்தாவின் பழைய வேட்டி கிடைத்தால் அதைவிட நல்லது இல்லை. பலமுறை துவைத்ததால் அதில் கஞ்சி, எண்ணெய்ப் பசை எதுவும் மிச்சம் இருக்காது. சரியான துணிதானா என்று தெரிந்துகொள்ள ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பாருங்கள். உடனே உறிஞ்சினால் சரி. தாமரை இலைத் தண்ணீர் மாதிரி உருண்டு நின்றால், சோப்புப் போட்டு வெந்நீரில் ஒருமுறை துவைக்க வேண்டும்.

துணியைக் கைக்குட்டை அளவில் எட்டுத் துண்டுகளாக வெட்டிக்கொள்ளுங்கள். பிறகு,

* 2 துண்டுகளை வெள்ளையாகவே விட்டுவிடுங்கள்.

* 2 துண்டுகளை, அரை லிட்டர் வெந்நீரில் இரண்டு மேசைக்கரண்டி கடுக்காய்ப் பொடி கரைத்து, அதில் ஒரு மணி நேரம் ஊறவிடுங்கள்.

* 2 துண்டுகளை, அதே கடுக்காய் நீரில் ஒரு டம்ளர் பால் சேர்த்து ஊறவிடுங்கள்.

* 2 துண்டுகளை, கெட்டியான டீ டிகாஷனில் ஊறவிடுங்கள். டீத்தூளிலும் டானின் இருக்கிறது!

நன்றாகப் பிழிந்து, அலசாமல் நிழலில் காயப்போடுங்கள். கடுக்காய்த் துணி இளமஞ்சளாகவும், டீத் துணி பழுப்பாகவும் மாறியிருக்கும். சாயம் போட்ட துணி தயார்.

வளையமே திரை

எம்ப்ராய்டரி போடும் வளையம் ஒன்று வேண்டும். அதில் பழைய மெல்லிய நைலான் துப்பட்டாவை முரசுத் தோல் மாதிரி இழுத்து மாட்டுங்கள். துப்பட்டாவை முகத்துக்கு முன்னால் பிடித்தால் எதிரில் இருப்பவர் தெரிய வேண்டும். அந்த அளவுக்கு மெல்லியதாக இருக்கட்டும். கொசுவலை ஆகாது. அதன் கண்கள் பெரியவை, மை கொட்டிவிடும்.

வளையத்தைத் தட்டு மாதிரி வையுங்கள். வலை அடியில், மேசையைத் தொட்டுக்கொண்டு இருக்க வேண்டும். விளிம்பைச் சுற்றி உள்பக்கம் செலோ டேப் ஒட்டிவிட்டால், ஓரங்களில் மை கசியாது. மையை இழுக்க ஒரு பழைய பிளாஸ்டிக் அட்டை போதும்.

இட்லி மாவுப் பதம்

இரும்பு நீரை அப்படியே ஊற்றினால் துணியில் குளம்போலப் பரவிவிடும். அதனால் கெட்டியாக்க வேண்டும். அம்மாவிடமோ அப்பாவிடமோ சொல்லி, மைதாவில் களி மாதிரி கெட்டிக் கஞ்சி காய்ச்சச் சொல்லுங்கள். அது நன்றாக ஆறிய பிறகு, இரண்டு பங்கு கஞ்சிக்கு ஒரு பங்கு இரும்பு நீர் கலந்து, கட்டி இல்லாமல் அடியுங்கள்.

பதம்தான் முக்கியம். தோசை மாவு மாதிரி இருந்தால் வலைக்கு அடியில் ஓடிவிடும். களியாகவே இருந்தால் கண்கள் வழியாக இறங்காது. இட்லி மாவுப் பதம் சரியாக இருக்கும். இதற்குப் பயன்படுத்திய பாத்திரத்தை மறுபடி சமையலுக்கு எடுக்காதீர்கள். கையில் பிளாஸ்டிக் உறை மாட்டிக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் கடுக்காய் பட்ட விரல்கள் கறுத்துப்போய்ப் பள்ளிக்கூடத்தில் பதில் சொல்ல வேண்டியிருக்கும்!

இலை, நூல், பன்னாடை

மேசையில் பழைய நாளிதழ்களை அடுக்கி விரியுங்கள். அதன்மேல் துணி. துணியின்மேல், புத்தகத்துக்குள் வைத்துத் தட்டையாக்கிய ஒரு வேப்பிலை. அதன்மேல் வளையம். இப்போது வளையத்தின் ஒரு ஓரத்தில் இரண்டு கரண்டி மை விட்டு, அட்டையைச் சாய்த்துப் பிடித்து, ஒரே சீராக இழுங்கள். வளையத்தை நேர்மேலாகத் தூக்குங்கள். பக்கவாட்டில் நகர்த்தினால் அச்சு கலைந்துவிடும்.

முதலில் ஏமாற்றமாகத்தான் இருக்கும். பழுப்புக் கஞ்சி அப்பினாற்போல் தெரியும். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருங்கள். துணி உங்கள் கண்ணெதிரே சாம்பல் நிறமாகி, பிறகு கறுக்கும். காற்றில் இருக்கும் ஆக்சிஜனும் இந்த வேலையில் சேர்ந்துகொள்வதால், நேரம் ஆக ஆகக் கறுப்பு ஏறும்.

வேப்பிலையோடு நிறுத்தாதீர்கள். சொரசொரப்பான எதுவும் இங்கே ஓவியம்தான். நூலைக் கோணல்மாணலாகப் போடுங்கள். கோணிச் சாக்கின் இழைகளைப் பிரித்துப் போடுங்கள். வாழைநார், கிழித்த நாளிதழ்... தென்னை மட்டையின் அடியில் இருக்கும் பன்னாடை கிடைத்தால் விடவே விடாதீர்கள். அது இயற்கை நெய்த வலை! குறுக்கும் நெடுக்குமாக அதன் நார்கள் துணியில் வெள்ளைக் கோடுகளாக விழும்.

இன்னொரு வித்தையும் உண்டு. இரும்பு நீர் கலக்காத மைதாக் கஞ்சியை வலையின்மேல் மெல்லியதாகத் தடவிக் காயவிடுங்கள். காய்ந்ததும் விரலால் லேசாகச் சுண்டினால் காய்ந்த குளத்து மண் மாதிரி வெடிப்பு விடும். அதன்மேல் மையை இழுத்தால், வெடிப்புகள் வழியாக மட்டும் மை இறங்கிச் சிலந்தி வலை மாதிரி கோடுகள் வரும். இரண்டாவது அச்சில் காய்ந்த கஞ்சி கொஞ்சம் ஊறிக் கரையும். மூன்றாவதில் இன்னும் கரையும். ஒவ்வொரு அச்சும் புதுசு. முதல் அச்சைத் திரும்ப எடுக்கவே முடியாது!

வேலை முடிந்ததும் வலையை உடனே கழுவுங்கள். கஞ்சி காய்ந்துவிட்டால் கண்கள் அடைபட்டுவிடும்.

ஒரு நேரத்தில் ஒரு மாற்றம்

எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றிப் பார்க்க ஆசை வரும். ஆனால் இலையையும் மாற்றி, மையையும் மாற்றி, துணியையும் மாற்றினால், எதனால் அச்சு நன்றாக வந்தது என்று எப்படித் தெரியும்? விஞ்ஞானிகள் ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் மாற்றுவார்கள்.

அதனால் முதலில் ஒரே இலை, ஒரே மை, ஒரே அழுத்தம் வைத்து நான்கு வகைத் துணியிலும் அச்சிடுங்கள். துணியின் ஓரத்தில் பென்சிலால் எண் போட்டு, நோட்டில் எழுதுங்கள். வெள்ளைத் துணியில் கறுப்பு வருகிறதா? வராது. துருக்கறை மாதிரி மங்கலான பழுப்புதான் வரும். டானின் இல்லாத இடத்தில் இரும்பால் என்ன செய்ய முடியும்?

அடுத்து, கஞ்சி கலக்காத இரும்பு நீரை, பால் சேர்த்த துணியிலும் சேர்க்காத துணியிலும் ஒரு சொட்டு விடுங்கள். எது அதிகம் பரவுகிறது? பாலில் உள்ள கொழுப்பு நீரைப் பரவவிடாமல் தடுக்கும். கலம்காரிக் கலைஞர்கள் எருமைப் பாலைத் தேடுவது இதற்காகத்தான். பசும்பாலைவிட எருமைப் பாலில் கொழுப்பு அதிகம்.

இரும்பு நீரைக் கூட்டினால் கறுப்பும் கூடுமா? கூடும். ஆனால் ஒரு எச்சரிக்கை. இரும்பு அதிகமானால் நாளடைவில் நூலை அரித்துவிடும். அருங்காட்சியகங்களில் உள்ள பழைய இந்தியத் துணிகள் சிலவற்றில், சிவப்புப் பூக்கள் அப்படியே இருக்க, கறுப்புக் கோடுகள் இருந்த இடம் மட்டும் இற்றுப்போயிருக்கிறது.

துவைத்தால்தான் தெரியும்

ஒரு நாள் முழுக்கக் காய்ந்த பிறகு, ஒவ்வொரு வகையிலும் ஒரு துண்டைத் தண்ணீரில் அலசுங்கள். ஜோடித் துண்டை அலசாமல் வையுங்கள். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். கஞ்சி போய்விடும். கறுப்பு நின்றால் நீங்கள் ஜெயித்துவிட்டீர்கள்! முன்பக்கம் மட்டும் பார்க்காமல், மஞ்சப்பையைத் திருப்பிப் பார்த்தீர்களே, அதுபோல இதையும் திருப்பிப் பாருங்கள். மை எவ்வளவு ஆழம் போயிருக்கிறது என்று தெரியும்.

தண்ணீர் எங்கே போகிறது?

வேலை முடிந்ததும் உங்கள் வாளியில் கொஞ்சம் கலங்கல் தண்ணீர் மிஞ்சியிருக்கும். நம் சோதனையில் மிஞ்சுவது கொஞ்சம்தான். நிறையத் தண்ணீர் கலந்து, கிணற்றுக்கும் குழாயடிக்கும் தள்ளி மண்ணில் ஊற்றிவிடலாம். அரை வாளிக்கு இவ்வளவு யோசிக்கிறோம். ஒரு ஊரே சாயம் போட்டால்?

பனியன்களுக்குப் பேர்போன திருப்பூரில் அதுதான் நடந்தது. அங்கே நொய்யல் ஆறு ஓடுகிறது. பருத்தியில் இன்றைய ரசாயனச் சாயத்தை ஏற்ற நிறைய உப்புச் சேர்க்க வேண்டும். எவ்வளவு கவனமாகச் செய்தாலும் சாயம் முழுவதும் துணியில் ஒட்டாது. ஒரு பகுதி அலசும் தண்ணீரில் போய்விடும். அந்தத் தண்ணீர் ஆண்டுக்கணக்காக நொய்யலில் கலந்தது. பாசனத்துக்காகக் கட்டிய ஒரத்துப்பாளையம் அணையில் சாயக்கழிவு தேங்கியது. நிறமாவது கண்ணுக்குத் தெரியும். உப்பு தெரியாது. கிணறுகள் உப்பாயின, வயல்கள் பாழாயின.

விவசாயிகள் நீதிமன்றம் போனார்கள். 2011 ஜனவரியில் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூடும்படி சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. அங்கே வேலை பார்த்த ஆயிரக்கணக்கானோர் பிழைப்பை இழந்து தவித்தார்கள். விவசாயியும் பாவம், தொழிலாளியும் பாவம். இரண்டு பேரும் பிழைக்க ஒரே வழி, கழிவுநீரை ஒரு சொட்டுக்கூட வெளியே விடாமல் சுத்தம் செய்வதுதான். இந்த நிபந்தனையின் பேரில்தான் பட்டறைகள் மறுபடி திறந்தன. சுத்திகரிப்பு நிலையங்களில் தண்ணீரையும் உப்பையும் தனித்தனியாகப் பிரித்தெடுத்து மறுபடி சாயத்துக்கே பயன்படுத்துகிறார்கள். இதற்குச் செலவு அதிகம். மலிவான டி-ஷர்ட் வேண்டும் என்று நாம் கேட்கும்போது, இந்தச் செலவையும் நினைத்துக்கொள்ள வேண்டும்.

தெரியுமா உங்களுக்கு?

* நூலோடு நேரடியாகப் பிணைந்துகொள்ளும் சாயங்கள் 1956-ல் விற்பனைக்கு வந்தன. இன்று பருத்தித் துணிகளில் இவைதான் அதிகம் பயன்படுகின்றன.

* அந்தச் சாயத்தில் அச்சிடும்போது மைதாக் கஞ்சி உதவாது. சாயம் துணியை விட்டுவிட்டுக் கஞ்சியையே பிடித்துக்கொள்ளும்! பருத்தியும் மாவும் ரசாயனத்தில் நெருங்கிய சொந்தம்.

* அதற்காகப் பயன்படுவது, பழுப்பு நிறக் கடற்பாசியிலிருந்து எடுக்கும் ஆல்ஜினேட் என்ற பசை. ராமநாதபுரம் மாவட்டக் கடலோரத்தில் இந்தப் பாசிகள் வளர்கின்றன.

கடைசியாக ஒரு கேள்வி!

உங்கள் கறுப்பு அச்சில், ஓரமாக ஒரு இடத்தில் எலுமிச்சைச் சாறு ஒரு சொட்டு விடுங்கள். ஐந்து நிமிடம் பொறுங்கள். கறுப்புக்கு என்ன ஆகிறது? அந்தச் சாற்றை இரும்பு நீர் மாதிரியே கஞ்சியில் கலந்து, திரை வழியாகக் கறுப்புத் துணியில் அச்சிட்டால் என்ன வரும்? முதலில் உங்கள் ஊகத்தை நோட்டில் எழுதுங்கள். அதற்குப் பிறகு செய்து பாருங்கள்!